தண்ணீர் திருந்திய வருடம்

மெல்பனின் புறநகரான கிரான்பர்னில் எங்கள் தெரு வீடுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு கார் விடக்கூடிய கராஜ் உண்டு. தேவராஜாவின் கராஜில் மட்டும் கார் நின்று நான் பார்த்ததில்லை. அங்கே முப்பத்தைந்து லீற்றர் எவர்சில்வர் பானை ஒன்று, மூடி போட்ட வெள்ளை வாளிகள் இரண்டு, ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, முளைகட்டிய பார்லி மூட்டை, சுவர் முழுக்கப் பென்சிலால் எழுதிய அளவுகள். கார்கள் இரண்டும் வெளியே வெயிலில் நிற்கும்.

"கார் வெளியில, பியர் உள்ளுக்க. இந்த வீட்டில ஆருக்கு மரியாதை எண்டு விளங்குதுதானே?" என்பார் அவருடைய மனைவி சிவனேஸ்வரி. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவர். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கராஜைக் கடந்துதான் போகவேண்டும் என்பதால் இதைத் தினமும் இரண்டு முறை சொல்ல வாய்ப்பிருந்தது.

தேவராஜாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. தொண்ணூற்றேழில் அகதியாக வந்தவர். முதல் நான்கு வருடம் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் குளிர் அறையில் வேலை. பிறகு மாலை வகுப்பில் ஆய்வுகூடப் படிப்பு. அதற்குப் பிறகு குடிநீர் வழங்கும் நிறுவனம் ஒன்றில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை. வெள்ளை வான் வண்டியில் போத்தல் பெட்டியுடன் தென்கிழக்குப் புறநகர்களில் திரிவார். தங்கள் குழாய்த் தண்ணீர் மணக்கிறது என்று ஆரும் முறைப்பாடு செய்தால் பெரும்பாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். அவருடைய மூக்குக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. பாசி மணமா, குழாய் இறப்பர் மணமா, வீட்டுச் சுடுநீர்த் தொட்டியின் மணமா என்று அவர் சொன்னால் ஆய்வுகூடம் இரண்டு நாள் கழித்து அதையே சொல்லும்.

அந்த மூக்கைத்தான் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பார்லியைப் பற்றியும், வாசமும் கசப்பும் தரும் ஹொப்ஸ் பூவைப் பற்றியும் பேசுவார்கள். இவர் பேசியது தண்ணீரைப் பற்றி.

"பியரில நூற்றுக்குத் தொண்ணூற்றைஞ்சு தண்ணி, மச்சான். மிச்ச அஞ்சைப் பற்றித்தான் எல்லாரும் புத்தகம் எழுதுறாங்கள்."

மழைநீர்த் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். யூகலிப்டஸ் இலையின் மணமும் கூரைத் தகரத்தின் மணமும் சேர்ந்து வந்தன. கடையில் ஊற்றுநீர் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மாதிரி. கடைசியில் குழாய்க்கே திரும்பினார். மெல்பன் தண்ணீர் மிகவும் மென்மையானது, அதில் உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. அதனால் வேண்டியதை நாமே போட்டுக்கொள்ளலாம். கசப்பு துலங்க வேண்டுமென்றால் ஜிப்சம், தானியத்தின் இனிப்பு உருண்டு வர வேண்டுமென்றால் கால்சியம் குளோரைட். நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் மூன்று கிராம், நான்கு கிராம் என்று நிறுத்துப் போடுவார்.

ஆனால் எதைப் போடுவதற்கும் முன்னால் ஒன்றை எடுக்கவேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் கலந்த குளோரீன் இருக்கும். அது பார்லி உமியோடு சேர்ந்தால் பியரில் ஆஸ்பத்திரி மணம் வந்துவிடும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வாயில் வைத்த மாதிரி. பிறகு எதைச் செய்தாலும் அது போகாது. அதை முறிக்க, மாத்திரையாக விற்கும் சல்பைற் குளிசை ஒன்றில் அரைவாசியைப் பொடியாக்கித் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடவேண்டும். தேவராஜா குளிசை போடுவதற்கு முன் ஒருமுறையும் போட்ட பின் ஒருமுறையும் பானை மூடியைத் திறந்து ஆவியை மணந்து பார்ப்பார். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இன்னொரு கால் குளிசை. குளோரீனை அளக்கும் கருவி இருந்தும் வீட்டில் அவர் அதைப் பாவித்ததில்லை.

அந்தக் காலத்துப் பியர் குடிக்கக்கூடியதாக இருந்தது. நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை. மணம் போய்விட்டது என்றார். பிறகு வந்துவிட்டது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோடாலித் தைலத்தை மூக்கடியில் பிடித்துப் பார்த்தாராம், நெற்றிவரைக்கும் ஏறியதாம். எங்கள் வீடுகளில் மூக்குக்கு அதைவிடப் பெரிய நீதிபதி கிடையாது. தலையிடிக்கும் சளித் தடிமனுக்கும் விமானப் பயணத்துக்கும் அதே சின்னப் போத்தல்தான். தைலம் ஏறியது என்றால் மூக்குத் திறந்தது என்று அர்த்தம். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். அது எரிச்சல், எரிச்சலை உணரும் நரம்பு வேறு, மணத்தை அறியும் நரம்பு வேறு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தண்ணீரை மணந்தே ஏறக்குறைய இருபது வருடம் வேலை செய்தவருக்கும் அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை; உப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. நிறுவனம் ஊழியர்களின் மூக்குக்கு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் மணப் பரிசோதனை தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்காமலே இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் பானை மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுக் குளிசை டப்பாவைத் திரும்ப அலுமாரியில் வைத்தார்.

"தேவையில்லை. குளோரீனைக் குறைச்சிட்டாங்கள் போல. எங்கட தண்ணி திருந்தீட்டுது, மச்சான்."

ஒரு மனிதன் தன்னிடம் ஏற்பட்ட குறையை உலகத்தில் ஏற்பட்ட முன்னேற்றமாக எடுத்துக்கொள்வது அரிதல்ல என்று இப்போது நினைக்கிறேன். சிவனேஸ்வரியும் அதையேதான் செய்தார். முன்பெல்லாம் மீன் பொரித்தால் குசினிக் கதவு, யன்னல் எல்லாம் திறக்கச் சொல்லிச் சத்தம் போடுகிற தேவராஜா, இப்போது பேசாமல் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். "இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு மனுசன் திருந்தீட்டார் எண்டு நினைச்சன்" என்று பிற்பாடு சொன்னார்.

அந்த ஆவணி மாதப் பியரின் முதல் வாய் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். சனிக்கிழமைப் பின்னேரம், கராஜ் கதவு திறந்திருந்தது. தேவராஜா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தி. கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, எதிர் வீடு.

"எப்பிடி இருக்கு?" என்றார் தேவராஜா.

"அருமைங்ண்ணா" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நீர் சொல்லும் காணும். இவர் சுடுதண்ணி குடுத்தாலும் அருமை எண்டுவார்."

"நல்லாயிருக்கு, அண்ணை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நான் எதையும் லேசில் நல்லது என்று சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என் சொல்லுக்கு அவரிடம் நிறை இருந்தது. ஒரு வீட்டில் போய் இருந்து, அந்த வீட்டுக்காரன் கையால் ஊற்றித் தந்ததைக் குறை சொல்வது எங்கள் பழக்கத்தில் இல்லை. உப்புக் கூடினால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சாப்பிடுவோம். அது மரியாதை. அந்த மரியாதை வேறெங்கும் போய் முட்டாது என்று நினைத்தேன்.

ஒருமுறை சொன்ன பிறகு இரண்டாம் முறை மாற்றிச் சொல்வது கடினம். மூன்றாம் முறை அதைவிடக் கடினம். பியர் பத்துத் தடவைக்கு மேல் காய்ச்சினார். நாங்கள் மெல்ல மெல்லக் கடையில் வாங்கிய போத்தல்களைக் கொண்டுபோகத் தொடங்கினோம்; முதல் கிளாஸ் மட்டும் எப்போதும் அவருடையது. "உங்களுக்கு ஏன் அண்ணை ஒவ்வொரு முறையும் கரைச்சல்" என்று அதற்கும் மரியாதையான காரணம் வைத்திருந்தோம்.

அடுத்த வருடம் ஐப்பசி மாதம், பக்கத்து ஊரான கிளைட்டில் ஒரு புது வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. குழாய்த் தண்ணீரில் மண்ணெண்ணெய் மணக்கிறதாம். தேவராஜா போனார். கதவைத் திறந்தவர் இராஜேஸ்வரி அன்ரி. எழுபத்திரண்டு வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பகலில் தனியே இருப்பவர். கோயிலில் பார்த்த முகம். பக்கத்துக் காணிகளில் எல்லாம் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மண் வெட்டும் இயந்திரங்கள் நின்றன.

முறைப்படி இரண்டு நிமிடம் குழாயைத் திறந்து விட்டார். கிளாசில் பிடித்தார். மணந்தார். குளோரீன் அளவு சரியாக இருந்தது. எண்ணெய் வகைகளைத் தேடுவதற்கென்று தனிக் கண்ணாடிப் போத்தல் ஒன்று உண்டு. மாதிரி எடுப்பவர் மணம் இருக்கிறது என்று பதிந்தால்தான் அது நிரப்பப்படும்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, அன்ரி. தண்ணி நல்ல தண்ணி."

"அப்பிடியோ தம்பி. அப்ப என்ர மூக்குத்தான். வயசு போட்டுது."

"அப்பிடியில்லை அன்ரி, புதுக் குழாய் எண்டா முதல்ல கொஞ்சம் மணக்கும்."

மணம் இல்லை என்று பதிந்துவிட்டு வந்தார். இதையெல்லாம் அன்று மாலையே அவர் என்னிடம் சொன்னார், ஒரு நல்ல காரியம் செய்தவர் சொல்கிற மாதிரி. எங்கட ஆள் ஒருவரே போனதில் மனுசிக்கு நல்ல ஆறுதல், தேத்தண்ணி போட்டுத் தந்தா என்றார். எந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீர் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஆறு கிழமை கழிந்தது. மார்கழி முதல் சனிக்கிழமை. இங்கே கோடை தொடங்கி நல்ல வெயில். கராஜுக்கு வெளியே கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். தேவராஜா கிளாஸ்களை நிரப்பித் தந்துவிட்டு உள்ளே கொறிக்கக் கச்சான் கடலை எடுக்கப் போனார். திரும்பி வந்தவர் தட்டோடு அப்படியே நின்றார். அவர் பார்த்தது சாடியை. மண்ணுக்கு மேலே வெள்ளை நுரை பொங்கி, மெல்ல வெடித்து அடங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரமூர்த்தியின் கிளாஸ் காலியாக இருந்தது.

"மரத்துக்குத் தாகமோ, மூர்த்தி?"

"அது... கை தவறிருச்சுங்ண்ணா."

"முழுக் கிளாசுமோ?"

ஈஸ்வரமூர்த்தி காலிக் கிளாஸைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், பொய் சொன்னாலும் முதல் பொய்யோடு நின்றுவிடுவார். தேவராஜா சாடியருகே குனிந்து மண்ணை விரலால் கிளறினார். அடிமரத்தில் பழைய நுரை காய்ந்த வெள்ளை வளையங்கள் இருந்தன. ஒரு நாளில் வந்தவையல்ல. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீருமோ?"

"நான் ஊத்தேல்லை, அண்ணை."

"அதைக் கேக்கேல்லை. பியர் எப்பிடி?"

"டெற்றோல் மணக்குது" என்றேன்.

சிரிக்க முயன்றார். "எப்ப இருந்து?"

"போன வருசம் ஆவணியில இருந்து."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். அவர் கச்சான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்தார். ஒவ்வொரு முறை காய்ச்சியதற்கும் திகதி இருந்தது. ஆவணிக்குப் பிறகு குளிசைக்கான இடம் எல்லா வரியிலும் வெறுமையாக இருந்தது. அலுமாரியைத் திறந்து கோடாலித் தைலத்தை எடுத்து மணந்தார். கண் கலங்கியது. "இது ஏறுதே" என்றார் தனக்குத்தானே. பிறகு ஹொப்ஸ் பையைப் பிரித்து முகத்தோடு அமுக்கினார். நீண்ட மூச்சு இழுத்தார். மறுபடி இழுத்தார். பையைக் கீழே வைத்தார்.

"ஒண்டுமில்லை."

வாசலில் நின்ற சிவனேஸ்வரி, "என்னப்பா?" என்றார்.

"கார்த் திறப்பைத் தாரும்."

"குடிச்சிருக்கிறியள், எங்க போறியள்?"

"காரை அவர் ஓடட்டும்" என்று என்னைக் காட்டினார். என் கிளாஸில் இருந்தது அப்படியே இருந்தது. அதையும் அவர் பார்த்தார்.

கிளைட்டுக்குப் போகும் வழியில், வீதி வேலைக்காக நிறுத்திய இடத்தில் ஒருமுறை மட்டும் பேசினார்.

"நீர் அண்டைக்குச் சொல்லியிருந்தா, ஒரு பானை பியரோட போயிருக்கும்."

வழி விட்டதும் காரை எடுத்தேன். 

இராஜேஸ்வரி அன்ரி எங்களைக் கண்டதும் முதலில் கதிரையைத்தான் காட்டினார். "இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்." தேவராஜா இருக்காமல் நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை. கிளாஸில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"சொல்லும்."

மூக்கருகே கொண்டுபோக முன்னமே தெரிந்தது. பெற்றோல் நிலையத்தில் கை துடைத்த துணி போல.

"இருக்கு" என்றேன். "நல்லா இருக்கு."

அன்ரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது, தம்பி. நீங்கள் படிச்ச ஆள், இல்லை எண்டு சொல்லிப்போட்டியள். நான் இஞ்சி கூடுதலாப் போட்டுக் குடிக்கிறனான். அப்ப மணம் தெரியாது."

"பிள்ளைக்கு?"

"அவளுக்குப் பால் மாவுக்குக் கொதிக்க வைச்சு ஆற்றித்தான். கொதிக்க வைச்சா எல்லாம் போயிடும்தானே?"

தேவராஜா குழாயை மூடினார். கையை எடுக்காமல் அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அங்கிருந்தே அழைத்து, முகவரியைச் சொன்னார். மணத்தைச் சொன்னார். பிறகு ஐப்பசியில் மணம் இல்லை என்று பதிந்தது தான் என்றும், தனக்கு மணமே தெரியாது என்றும், எவ்வளவு காலமாக என்றும் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் திரும்பக் கேட்டிருக்கவேண்டும். மறுபடியும் அதே வேகத்தில் சொன்னார். நான் போய்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டு பெட்டி வாங்கி வந்தேன்.

"பரவாயில்லை தம்பி, தெரியாமல்தானே" என்றார் அன்ரி, அவருடைய முகத்தைப் பார்க்கமுடியாமல்.

"பரவாயில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அன்ரி."

பக்கத்துக் காணியில் இயந்திரத்திலிருந்து டீசல் கொட்டுப்பட்டு, மண்ணுக்குள் போயிருந்தது. நிலத்துக்குக் கீழ் இருந்த பிளாஸ்டிக் குழாய் அதை மெல்ல மெல்ல உள்ளே இழுத்திருந்தது. குழாயை மாற்றினார்கள். அன்ரியையும் பிள்ளையையும் பரிசோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னதாக மகன் போனில் சொன்னார். சொன்ன விதத்தில் வேறொன்றும் இருந்தது, அதைத் தேவராஜா என்னிடம் விவரிக்கவில்லை.

அதோடு முடியவில்லை. அந்தப் பதினாறு மாதத்தில் மணம் பற்றிய முறைப்பாட்டுக்காக, அன்ரியின் வீட்டைத் தவிர, அவர் போன வீடுகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் மணம் இல்லை என்றே பதிந்திருந்தார். நிறுவனம் எல்லா வீட்டுக்கும் மறுபடி ஆளனுப்பியது. முப்பத்தொன்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இரண்டு வீட்டில் இருந்தவர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது. அங்கே இப்போது வரும் தண்ணீர் சுத்தம். அன்றைக்கு என்ன இருந்தது என்பதை இன்றைக்கு வரும் தண்ணீர் சொல்லாது.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. போத்தல்களுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டும் மேசையில் இருத்தியிருக்கிறார்கள். மூக்கு வைத்தியர் எலுமிச்சை, கராம்பு, ரோசா, யூகலிப்டஸ் என்று நாலு சின்னப் போத்தல் கொடுத்துக் காலையும் மாலையும் மணந்து பயிலச் சொல்லியிருக்கிறார். செய்கிறார். சில நாள் எலுமிச்சை தெரிகிற மாதிரி இருக்கும், ஆனால் அது எலுமிச்சை என்று தெரிந்துகொண்டு மணப்பதால் வருகிறதோ என்று சந்தேகம் என்கிறார். சிவனேஸ்வரி சீட்டைக் கழற்றிவிட்டு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். தேவராஜா நாலில் ஒன்றைச் சரியாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு எவனும் சொல்லக்கூடிய அளவு அது.

ஐந்து மாதம் பானையைத் தொடவில்லை. போன சனிக்கிழமை காலை போன் எடுத்து, வரச் சொன்னார். போனேன். கராஜில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. சுவரில் அளவுகளுக்கு மேலே அந்த இரண்டு வீட்டு முகவரிகளும் அதே பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். 

மூடியைத் திறந்து பின்னால் நகர்ந்தார். நான் குனிந்தேன்.

"இருக்கோ?"

"இருக்கு."

அரைக் குளிசையைப் பொடியாக்கிப் போட்டார். சுவரில் வெறுமையாக இருந்த இடத்தில் அரை என்று எழுதினார். கருவி மேசையில்தான் இருந்தது, கழுவித் துடைத்து. அதை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி மூடியைத் திறந்தார்.

"இப்ப?"

ஆவி முகத்தில் அடித்தது. இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. இல்லாமல் இருக்கவேண்டும் என்று நான் விரும்பியதால் வந்ததா, உண்மையாகவே இல்லாததால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"நிச்சயமில்லை, அண்ணை. இன்னொருக்கா மணந்து பாக்கிறன்."

அவர் மூடியைப் பிடித்தபடியே நின்றார்.

"ஆறுதலாப் பாரும்" என்றார்.